கான்கிரீட்டின் தாகம்



பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டித் தெற்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டர் சென்றால் எலெக்ட்ரானிக் சிட்டியை அடைகிறோம். இன்னும் சிறிது தூரம் சென்று அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தால் தமிழ்நாடு. கர்நாடக அரசின் மின்னணுத் தொழில் வளர்ச்சிக் கழகமாகிய கியோனிக்ஸ் 1976 ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் முதல் தலைவராக விளங்கிய ஆர். கே. பாலிகா அவர்களின் முயற்சியால், 1978 ஆம் ஆண்டில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் இரு சிற்றூர்களில் 332 ஏக்கர் நிலத்தில் இத்தொழில் நகரம் உருவாயிற்று. 2010 ஆம் ஆண்டு ஜனவரியில் இதனை நகரோடு இணைக்கும் உயர்நிலைச் சாலை திறக்கப்பட்டது. 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 ஆம் நாள், ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர் நீளமுள்ள மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடம் இவ்வழியே திறந்து வைக்கப்பட்டது.

இவ்விடத்தில் இரண்டு தொழில்கள் அடுத்தடுத்து நடைபெறக் காண்கிறோம். மாளிகைகளின் உள்ளே மின்னணுத் தொழில். வெளியே, இன்னும் முடிவுறாத தூண்களிலும் தளங்களிலும் கட்டிடத் தொழில். இரண்டிலும் தமிழர் உண்டு. கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்போருள்ளும் நம்மவர் உளர். ஓசூர்ச் சாலை வழியே வந்து கொத்தனாராகவும் சித்தாளாகவும் உழைப்போருள்ளும் நம்மவர் உளர். இவ்விரு தொழில்களும் ஒன்றையொன்று சந்திக்கும் ஓரிடத்தைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டோம். புதிதாகப் போட்ட கான்கிரீட்டின் உள்ளே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை உள்ளிருந்தபடியே அறிந்து, கம்பியின் உதவியின்றி வெளியே தெரிவிக்கும் சிறு உணர்கருவியே அது.

இதன் பயனை உணர வேண்டுமாயின், முதலில் கான்கிரீட் எவ்வாறு இறுகுகிறது என்பதை நாம் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

“தளம் காய்ந்துவிட்டதா?” என்று கேட்பது நம் வழக்கம். அச்சொல்லிலேயே ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. சேறு காய்ந்து கட்டியாகிறது. மீண்டும் நீர் விட்டால் கரைகிறது. கான்கிரீட் அவ்வாறு கரைவதில்லை. நீருக்கு அடியில் போட்டாலும் அது இறுகவே செய்கிறது. காரணம் யாது? சிமெண்டும் நீரும் ரசாயன முறையில் கூடிப் புதியதொரு பொருளாக மாறுகின்றன. கலவையைக் குழைப்பதற்காக மட்டும் நாம் நீரைச் சேர்ப்பதில்லை. அந்நீரின் ஒரு பகுதி கல்லாகவே ஆகிவிடுகிறது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824 ஆம் ஆண்டில் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் அதனை உற்பத்தி செய்யும் முதல் முயற்சி 1904 ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்றது. அன்று முதல் இன்று வரை சிமெண்டின் தரம் எத்தனையோ வகையில் உயர்ந்திருப்பினும், நீர் இல்லையேல் வலிமை இல்லை என்னும் விதி மட்டும் மாறவில்லை.

இவ்விதியை எண்ணிக்கையில் வடித்துக் காட்டியவர்களுள் அமெரிக்க விஞ்ஞானி டி. சி. பவர்ஸ் தலைசிறந்தவர். ஒரு கிலோகிராம் சிமெண்டு முழுமையாக வினைபுரியும்போது ஏறக்குறைய 0.23 கிலோகிராம் நீரைத் தன்னோடு ரசாயன முறையில் பிணைத்துக்கொள்கிறது, மேலும் 0.19 கிலோகிராம் நீர் அவ்வினையால் விளையும் கூழ்மத்தின் நுண்துளைகளில் தங்குகிறது. 50 கிலோகிராம் மூட்டை ஒன்றுக்குக் கணக்கிட்டால் முன்னது 11.5 லிட்டர், பின்னது 9.5 லிட்டர், ஆக 21 லிட்டர் ஆகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். “கலவை போடும்போதே மூட்டைக்கு 22, 23 லிட்டர் ஊற்றிவிடுகிறோமே. கணக்குப்படி அதுவே போதுமன்றோ? பிறகு நாள்தோறும் மேலே நீர் ஊற்றுவானேன்?” என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஊற்றிய நீர் முழுவதும் உள்ளேயே இருக்குமாயின் பெரும்பாலான கட்டிடங்களுக்கு அதுவே போதும். ஆனால் இருப்பதில்லை. வெயிலும் காற்றும் மேற்பரப்பிலிருந்து அதனை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. கடுமையான வெயிலும் காற்றும் சேர்ந்தால், சதுர மீட்டர் ஒன்றிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் ஆவியாகிவிடக்கூடும். அந்த வேகத்தில் 100 சதுர மீட்டர்த் தளம் ஒன்று மணிக்கு 100 லிட்டர் நீரை இழக்கும். தளம் இறுகுமுன்னரே மேற்பரப்பு வெடிப்பு விடும். நாம் மேலே ஊற்றும் நீர் இந்த இழப்பைத் தடுப்பதற்கும் ஈடுசெய்வதற்குமே. இப்பணியைப் பொறியாளர்கள் நீராற்றுதல் என்பர். கட்டிட வேலை நடக்கும் இடங்களில் கியூரிங் என்றே வழங்குகின்றனர்.

இழப்பு மிகுந்தால் நேர்வது என்ன? கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குமாயின், சிமெண்டின் வினை ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்பதைப் பவர்ஸ் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் எடுத்துரைத்தார். சிமெண்டு எஞ்சியிருக்கும், காலமும் இருக்கும், நீர் மட்டும் இராது. அரைகுறையாக வெந்த சோறு போல அக்கல் நின்றுவிடும். பின்னர் நீர் ஊற்றினால் வினை ஓரளவு மீண்டும் தொடங்கலாம். இடையறாது ஈரமாக இருந்த கான்கிரீட்டின் நிலையை அது எய்துவது அரிது.

இதில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தடித்த தளத்தின் நடுப்பகுதி எளிதில் வறண்டுவிடுவதில்லை. வறள்வது மேல்தோல்; மேற்பரப்பிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழம். ‘அவ்வளவு தானே’ என்று எண்ணிவிடலாகாது. இரும்புக் கம்பியைக் காப்பது அந்தத் தோலே ஆகும். கம்பிக்கு வெளியே விடப்படும் இக்கனத்தைக் கவர் என்று கொத்தனார்கள் கூறுவர். இந்தியத் தர நிர்ணயமாகிய ஐ.எஸ். 456, மிதமான சூழலில் 20 மில்லிமீட்டரும், கடற்கரை போன்ற கடுமையான சூழலில் 45 மில்லிமீட்டரும் இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. நன்றாக முற்றிய கான்கிரீட் காரத்தன்மை மிக்கது. அக்காரம் இருக்கும் வரையில் கம்பி துருப்பிடிப்பதில்லை. தோல் வறண்டு நுண்துளைகள் பெருகிவிட்டால், காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து காரத்தைக் குறைக்கிறது. பின்னர் ஈரமும் பிராணவாயுவும் கம்பியை அடைகின்றன. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருமனாகிறது. பருத்த துரு கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது.

இவையெல்லாம் ஒரு நாளில் நிகழ்வன அல்ல. முதல் பத்து நாள்களில் செய்த குறை பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான் கூரையின் அடிப்பக்கத்தில் காரை பெயர்ந்து விழும்போது தெரிகிறது. அப்போது ஒப்பந்தக்காரர் இரார், மேஸ்திரி இரார், அன்று வாளி எடுத்து நீர் ஊற்றியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அறியோம். வீட்டில் குடியிருப்போர் மட்டும் இருப்பர். குறை நிகழும் காலத்தில் அதனைக் கண்டுகொள்ள வழியில்லாமையே இதுகாறும் இருந்துவந்த பெருந்தொல்லை.

விதி என்னவோ தெளிவாகவே இருக்கிறது. சாதாரணப் போர்ட்லாந்து சிமெண்டாயின் குறைந்தது 7 நாள். நிலக்கரிச் சாம்பல் முதலியவை கலந்த சிமெண்டாயின் குறைந்தது 10 நாள். வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களிலும் 10 நாளுக்குக் குறையலாகாது. கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் நன்று என்று ஐ.எஸ். 456 கூறுகிறது. இந்நாளில் வீடு கட்டுவோர் வாங்கும் சிமெண்டு பெரும்பாலும் கலப்புச் சிமெண்டே என்பதை நாம் மறத்தலாகாது. இந்நாள்கள் முழுவதும் மேற்பரப்பு இடைவிடாமல் ஈரமாக இருத்தல் வேண்டும். தளமாயின் பாத்தி கட்டி நீரைத் தேக்குவர். தூணாயின் கோணிச்சாக்கைச் சுற்றி நனைப்பர்.

நடைமுறை வேறு. பல இடங்களில் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை நீர் தெளிப்பதோடு கடமை முடிகிறது. நண்பகலில் தளம் வெளுத்துக் கிடக்கிறது. மாலையில் நீர் பட்டதும் மீண்டும் கறுக்கிறது. மேற்பார்வைக்கு வருபவர் அதைக் கண்டு மனநிறைவு கொள்கிறார். கண்ணுக்கு ஈரமாகத் தோன்றுவது மயிரிழை ஆழத்து நீர்ப்படலம். அதற்குக் கீழே இரண்டு சென்டிமீட்டரில் ஈரப்பதம் 95 விழுக்காடா, 80 விழுக்காடா என்பதைக் கண்ணோ கையோ கூற இயலாது.

பெங்களூரில் இம்மயக்கம் இன்னும் மிகுதி. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ந்த ஊர் இது. மதுரையிலும் வேலூரிலும் போல உடலைச் சுடும் வெயில் இல்லை. ஆதலின் கான்கிரீட்டுக்கும் கவலையில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் நீரை ஆவியாக்குவது வெப்பம் மட்டுமன்று. காற்றின் வறட்சியும் வேகமுமே பெரும்பங்கு வகிக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இம்மேட்டு நிலத்தில் வீசும் வறண்ட காற்று, நமக்கு இதமாக இருந்துகொண்டே தளத்தின் நீரை எடுத்துச் சென்றுவிடுகிறது.

மேலும், அம்மாதங்களில்தான் நகரில் தண்ணீர்ப் பஞ்சமும் தலைகாட்டுகிறது. 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிப் பெங்களூர் தவித்ததை நேயர்கள் நினைவு கூரலாம். குடிநீரைக் கட்டிட வேலைக்குப் பயன்படுத்தலாகாது என்றும், மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றும் நகரின் குடிநீர் வாரியம் அப்போது ஆணையிட்டது. சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்துமாறு கட்டிடம் கட்டுவோரை வற்புறுத்தியது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து இறைத்துக் கொணரப்படும் காவிரி நீர் அல்லவா இந்நகரின் குடிநீர்? அதன் ஒவ்வொரு துளியின் அருமையும், ஆற்றின் கீழ்ப்புறத்திலிருந்து வந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறைவாக ஊற்றினால் கட்டிடம் கெடுகிறது; கணக்கின்றி ஊற்றினால் தண்ணீர் வீணாகிறது. எவ்வளவு, எப்போது, எந்த மூலையில் என்று அறிந்து ஊற்றுவதே வழி. அந்த அறிவைத் தருவதற்கே இவ்வுணர்கருவி.

அது வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். கருவியின் உள்ளே மிக மெல்லிய பிளாஸ்டிக் போன்ற ஏடு ஒன்று இரண்டு மின்வாய்களுக்கு இடையே இருக்கிறது. சுற்றிலும் ஈரம் மிகுந்தால் அவ்வேடு நீராவியை உறிஞ்சிக்கொள்கிறது. ஈரம் குறைந்தால் வெளிவிடுகிறது. மின்னேற்றத்தைத் தேக்க உதவும் தன்மையில் வெற்றிடத்தை 1 என்று கொண்டால் நீர் ஏறக்குறைய 80. உலர்ந்த ஏடோ மிகச் சில மடங்கே. ஆகவே சிறிதளவு நீர் சேர்ந்தாலும் மின்தேக்கும் அளவு மாறுகிறது. அம்மாற்றமே ஈரப்பதத்தின் அளவாகிறது. கான்கிரீட்டின் கடுங்காரம் ஏட்டைத் தின்றுவிடாதபடி, நீராவியை மட்டும் உள்ளே விடும் நுண்துளைச் சவ்வு ஒன்று அதற்குக் கவசமாகிறது. அருகிலேயே வெப்பநிலையை அறியும் உறுப்பும், சிறு மின்கலமும், அலைபரப்பும் சில்லும் அமைந்திருக்கும். கான்கிரீட் போடுவதற்கு முன்பே இதனைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடலாம். ஒன்றைத் தோல் ஆழத்திலும், மற்றொன்றை நடு ஆழத்திலும் வைத்தால், வெளியும் உள்ளும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது தெரிந்துவிடும்.

இனி, கம்பியில்லாமை. மைசூரில் 1935 ஆம் ஆண்டில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தனி முயற்சியாக ஒரு வானொலி நிலையம் தொடங்கி, அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்டார். பின்னர் நாட்டின் வானொலிக்கே அப்பெயர் வழங்கலாயிற்று. நம் கருவியும் ஒரு சிற்றாகாசவாணியே. அன்றைய நிலையம் ஊருக்குப் பேசியது. இது கல்லுக்குள்ளிருந்து பேசுகிறது. ஆனால் இதற்கு ஓர் இடையூறு உண்டு. நீர் வானொலி அலைகளை விழுங்கும் இயல்புடையது. அலைவரிசை எண் உயர உயர அவ்விழுங்கலும் மிகுகிறது. நாம் செய்தியை மிகவும் எதிர்பார்க்கும் முதல் சில நாள்களில்தான் கான்கிரீட் மிகவும் ஈரமாக இருக்கிறது. அப்போதுதான் செய்தி வெளியே வரத் திணறுகிறது. கைபேசிகள் பேசும் புளூடூத் அலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலானவை. ஆழத்திலிருந்து அவை எளிதில் வெளிப்படமாட்டா. ஆதலின் அலைவாங்கியை மேற்பரப்பின் அருகே நிறுத்தி, உணரும் உறுப்பை மட்டும் ஆழத்தில் வைக்கின்றனர். அன்றியும், நம் நாட்டில் உரிமம் இன்றிப் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அலைவரிசையைக் கையாளலாம். கருவி தன் அளவுகளை நினைவில் சேர்த்து வைத்து, மணிக்கு ஒரு முறை சில நொடிகள் மட்டும் பேசினால் மின்கலமும் பல மாதம் தாங்கும்.

ஈரத்தை அறிவதால் தண்ணீர் மிச்சமாகும், கட்டிடம் நீடிக்கும் என்பதோடு இதன் பயன் முடிந்துவிடவில்லை. மனித உயிரும் இதில் அடங்கியிருக்கிறது. தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுக்கால்களை எப்போது எடுக்கலாம் என்பது கட்டிடத் தொழிலில் அன்றாடம் எழும் கேள்வி. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள் என்பது ஐ.எஸ். 456 கூறும் பொது அளவு. வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்காமலும், நீராற்றுதல் போதிய அளவு நடந்தும் இருந்தால்தான் அவ்வளவு செல்லும் என்று அதே விதி நிபந்தனையும் விதிக்கிறது. நாள்களை எண்ணுகிறோம்; நிபந்தனையை மறந்துவிடுகிறோம்.

மறதியின் விலையை உலகம் கண்டிருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துப் பெய்லீஸ் கிராஸ்ரோட்ஸ் என்னும் இடத்தில் 1973 ஆம் ஆண்டு மார்ச்சு 2 ஆம் நாள், கான்கிரீட் முற்றுமுன் முட்டுகளை எடுத்ததால் அடுக்குமாடிக் கட்டிடம் ஒன்று சரிந்து 14 தொழிலாளர் மாண்டனர். ஐந்தாண்டுகள் கழித்து, 1978 ஏப்ரல் 27 ஆம் நாள், மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்டு என்னும் ஊரில் மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது, முந்திய நாள் போட்ட கான்கிரீட்டைப் பற்றிக்கொண்டு நின்ற சாரம் முழுவதும் பெயர்ந்து விழுந்தது. குளிர்ந்த இரவுக்குப்பின் அக்கான்கிரீட் பாரம் தாங்கும் வலிமை பெற்றிருக்கவில்லை. சாரத்தின்மேல் நின்ற 51 பேரும் உயிரிழந்தனர். இவ்விரண்டு துயரங்களையும் ஆராய்ந்த அமெரிக்க அரசின் அளவைத்துறை விஞ்ஞானிகள், கட்டிடத்தில் உள்ள கான்கிரீட்டின் வலிமையை அவ்விடத்திலேயே கணிக்கும் முறையை வளர்த்தனர். 1987 ஆம் ஆண்டில் அது தரவிதியாக வகுக்கப்பட்டது.

முதிர்வுக் கணக்கு எனப்படும் அம்முறையின் வேர் இங்கிலாந்தில் 1949 இல் நர்ஸ் என்பவரும் 1951 இல் சால் என்பவரும் செய்த ஆய்வுகளில் இருக்கிறது. கணக்கு எளியது. கான்கிரீட்டின் வெப்பநிலையோடு 10 டிகிரியைக் கூட்டி, அதனை நேரத்தால் பெருக்க வேண்டும். 30 டிகிரியில் 3 நாள் இருந்தால் 40 ஐ 72 மணியால் பெருக்க 2,880 வருகிறது. 20 டிகிரியில் 4 நாள் இருந்தால் 30 ஐ 96 மணியால் பெருக்க அதே 2,880 வருகிறது. அஃதாவது, சூடான ஊரின் 3 நாளும் குளிர்ந்த ஊரின் 4 நாளும் ஒன்றே. சென்னையில் பழகிய மேஸ்திரி பெங்களூரின் டிசம்பர் மாதத்தில் பழைய கணக்கிலேயே முட்டை எடுத்தால் ஆபத்து என்பதை இதனால் அறியலாம். ஆனால் இக்கணக்கிலும் ஒரு நிபந்தனை உண்டு: வினை தொடர்வதற்குப் போதிய ஈரம் உள்ளே இருத்தல் வேண்டும். வறண்டுபோன கான்கிரீட்டுக்கு வெயில் வலிமை தருவதில்லை; கெடுதலே செய்கிறது. வெப்பத்தை மட்டும் அறியும் கருவி இதனைக் காணாமல் எண்ணிக்கொண்டே போய், முற்றாத தளத்தை முற்றியதாகக் கூறிவிடக்கூடும். ஆகவேதான் வெப்பத்தோடு ஈரத்தையும் அறிதல் இன்றியமையாததாகிறது.

இக்கருவியின் குறைகளையும் மறைக்காமல் கூறுதல் நம் கடமை. ஈரப்பதம் 95 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது இத்தகைய கருவிகளின் அளவு அவ்வளவு நுட்பமாக இராது. ஒன்றிரண்டு விழுக்காடு கூடவோ குறையவோ காட்டும். புதைத்த கருவியை வெளியே எடுத்துச் சரிபார்க்க இயலாது. அது தான் இருக்கும் இடத்தின் செய்தியை மட்டுமே அறியும். தளத்தின் வடமூலையில் வைத்த கருவிக்குத் தென்மூலை வறண்டது தெரியாது. பழைய முறையில் கனசதுர மாதிரிகளை அழுத்தி உடைத்துப் பார்க்கும் சோதனையை இது நீக்கிவிடாது. அதற்குத் துணையாகவே நிற்கும். பெரும்பாலங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இது செலவுக்குத் தக்க பயன் தரும். இரண்டு அறை வீடு ஒன்றுக்கு இதனை வாங்கியே தீர வேண்டும் என்று எவரேனும் வற்புறுத்தினால் நம்ப வேண்டியதில்லை.

இவையெல்லாவற்றிலும் பெரிய குறை ஒன்று உண்டு; அது கருவியினுடையதன்று. கருவி தாகத்தை அறிவிக்கும், தண்ணீர் ஊற்றாது. ஊற்றுவது மனிதனின் கை. எலெக்ட்ரானிக் சிட்டியிலும் பிற இடங்களிலும் அக்கை யாருடையது? பெரும்பாலும் கட்டிடத்தின் காவலுக்கென்று தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பத்தாருடையது. அல்லது கூலி மிகக் குறைந்த சித்தாளுடையது. ஒரு காலத்தில் அவர்களுள் மிகப் பலர் தமிழராயிருந்தனர். இன்று வடகர்நாடகத்தாரும் பீகார், ஒடிசா, வங்க நாட்டாரும் உடன் வந்து சேர்ந்திருக்கின்றனர். கட்டிடத் தொழிலில் நீராற்றுதலே கடைசி வேலை என்றும், யாரும் செய்யக்கூடிய வேலை என்றும் கருதப்படுகிறது. அதற்கெனத் தனிக்கூலி குறிக்காத ஒப்பந்தங்களே மிகுதி. வரைபடம் போடுபவருக்கும் கம்பி கட்டுபவருக்கும் கிடைக்கும் மதிப்பு வாளி ஏந்துபவருக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் அவர்கள் இருவரும் செய்த வேலை நூறாண்டு நிற்குமா, பதினைந்தாண்டில் பெயருமா என்பதை அந்த வாளியே முடிவு செய்கிறது.

ஆகவே, கருவியின் செய்தி தொலைவில் உள்ள அலுவலகத்துத் திரையில் வரைகோடாக எழுந்து விழுவதோடு நின்றுவிடுமானால் பயனில்லை. தளத்தில் நிற்பவரின் கைபேசிக்கு, அவர் அறிந்த மொழியில், “நான்காம் தளத்தின் மேற்கு மூலைக்குத் தண்ணீர் வேண்டும்” என்று அது வந்து சேர வேண்டும். எழுத்தறியாதவருக்குக் குரலாக ஒலிக்கட்டும். அங்ஙனம் செய்வது கடினமன்று; செய்தியை ஆக்கும் அறிஞர்கள் அதே சாலையில், அதே தளங்களின் எதிரே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுள் நம்மவரும் இருக்கின்றனர் என்று முன்னரே கூறினோம். ஏன் ஊற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், ஊற்றுபவர் ஏவலாளாக இல்லாமல் அறிந்து செய்பவராகிவிடுவார்.

பிறந்த ஊரை விட்டு வந்து, சேமித்த பணத்தில் சிறியதொரு வீடு கட்டும் நேயர்கள் பலர் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவர்களுக்கென்று சில சொற்கள். கருவி இல்லாவிட்டாலும் அதன் பின்னுள்ள அறிவு நமக்கு உதவும். தளத்தை மட்டப்படுத்தி முடித்ததும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வெயிலையும் காற்றையும் தடுக்கலாம். இறுகத் தொடங்கியபின் பாத்தி கட்டலாம். தூண்களை மறந்துவிடுவதே எங்கும் காணும் தவறு. அவற்றின் நாற்புறமும் காற்றுக்கு இலக்கானவை. நனைத்த சாக்கைச் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பையும் சுற்றிவிட்டால் குறைந்த நீரிலேயே ஈரம் நிற்கும். உப்பு மிகுந்த கிணற்று நீர் கம்பிக்குப் பகை. ஐயமிருப்பின் சோதித்தபின் பயன்படுத்துக. காலை, மாலை என்று கடிகாரம் பார்க்காமல், நண்பகலில் ஒரு முறை மேலே ஏறிப் பாருங்கள். சாக்கு உலர்ந்திருந்தால் கான்கிரீட்டும் உலர்கிறது என்றே பொருள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீராற்றும் வேலைக்கு 10 நாள் கூலியோ 14 நாள் கூலியோ தனியே குறித்து, அதனைச் செய்பவரிடமே கொடுங்கள். சிமெண்டில் ஒரு மூட்டை கூட்டிப் போடுவதைவிட அச்செலவு வீட்டுக்கு மிகுந்த காப்பாகும்.

தாகம் எடுத்தால் வாய்விட்டுக் கேட்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. வாடிக் காட்டும் ஆற்றல் பயிருக்கு உண்டு. கான்கிரீட்டுக்கு இரண்டும் இல்லாமலிருந்தது. மின்னணு விஞ்ஞானம் இப்போது அதற்கு ஒரு சிறு குரலைத் தந்திருக்கிறது. அக்குரலைக் கேட்டுத் தண்ணீர் எடுத்துச் செல்பவரின் உழைப்பை நாம் மதிக்கத் தொடங்கினால், நாம் கட்டும் வீடுகளும் பாலங்களும் நம் மக்களின் மக்களையும் தாங்கி நிற்கும்.